யானைக்கு டிக்கெட் கிழித்த மாசிலாமணி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலை என் மீசை வாழைநாராகப் போகட்டும்! சத்தியம், சத்தியம், தலையில் அடித்துச் சத்தியம்!

வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் மாசிலாமணி. பனி மூடிய ஒரு காலையில், கொண்டை ஊசி வளைவில் ஒற்றை யானை வந்து பஸ்ஸை முட்டியது; பள்ளத்தின் விளிம்புவரை தள்ளிவிட்டு, தன் பாட்டுக்குப் போனது. பயணிகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் மாசிலாமணிக்குள் அந்த யானை ஏறி உட்கார்ந்துகொண்டது. ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்கும். ஹாரன் கேட்டால் சட்டை நனையும். டிப்போவில் டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். அந்த வளைவில் மறுபடி ஒரு தடவை பஸ்ஸைத் திருப்பிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஹசீனா, இப்படி அதிர்ச்சி கண்டவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணியை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து, கண்முன்னே படங்கள் காட்டினார். பூ, நாற்காலி, சைக்கிள்... மூளை சும்மா கிடந்தது. யானை வந்ததுதான் தாமதம், பயத்தைக் கிளப்பும் பாதாம்பருப்பு அளவு இடம் திரையில் செக்கச்செவேலென்று எரிந்தது.

“அண்ணா, நடந்ததை நடந்தபடி தினமும் வீட்டுல ஒருத்தர்கிட்டச் சொல்லுங்க. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அப்புறம் திரும்பப் படமெடுத்துப் பார்ப்போம்” என்றார் டாக்டர்.

கேட்க வாய்த்தவள் மனைவி செங்கமலம். சொல்லத் தொடங்கினால் மாசிலாமணிக்கு வியர்க்கும், விக்கும், பாதியில் நின்றுபோகும். அவள் மோரைக் கொடுத்து, “அப்புறம்?” என்பாள். மறுநாளும் அதே யானை, அதே “அப்புறம்?” ஒருநாள் கதை முடிவுவரை வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டே செங்கமலம் கேட்டாள்:

“ஏனுங்க, பஸ்ஸோட அத்தனை தூரம் வந்த யானைக்கு டிக்கெட் கிழிச்சீங்களா, இல்லையா?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு பீறிட்டது. “லக்கேஜும் சேர்த்து வாங்கினேன் புள்ள!”

அன்றிலிருந்து யானை வளர்ந்தது. ஜன்னலோர சீட் கேட்டது. சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டியது. வளைவில் குமட்டுகிறதென்று எலுமிச்சம்பழம் முகர்ந்தது.

இரண்டாவது படம் எடுத்தார்கள். யானை வந்தது, சிவப்பு வரவில்லை. டாக்டர் துள்ளினார். “நான் சொன்னபடிதானே சொன்னீங்க, அண்ணா?”

ஆமாம் என்றால் முடிந்தது. மறுபடி பஸ்ஸைக் கொடுக்க டிப்போ மேனேஜர் டாக்டரின் வாய்ச்சொல்லுக்குத்தான் காத்திருந்தார். பக்கத்தில் நின்ற செங்கமலம் புருஷன் கையைக் கிள்ளினாள். மனுஷர் கேட்டால்தானே! “இல்லீங்கம்மா. யானைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துட்டேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, “உங்க படம் என் ஆராய்ச்சியில சேராதுங்கண்ணா. உண்மை குணமாக்குச்சா, பொய் குணமாக்குச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா படம் எப்படி இருந்தாலும் அது லைசென்ஸ் கிடையாது. காலி பஸ்ஸை ஓட்டிக் காட்டுங்க. நானும் வர்றேன்” என்றார்.

ஓட்டினார். வளைவு வந்தது. கை நடுங்கவில்லை. பஸ் வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. பின்சீட்டில் டாக்டர் விசிலடித்தார்!

டிப்போவில் ஒரே ஒரு மாலையை மாசிலாமணியிடம் நீட்டி, “உங்களைத் தேத்துனவங்க கழுத்துல போடுங்க” என்றார்கள். உடனே சண்டை மூண்டது. “வழி காட்டின டாக்டருக்கு!” “சிரிக்கவச்ச சம்சாரத்துக்கு!” “வேலை போனாலும் போகட்டும்னு உண்மையைச் சொன்ன டிரைவருக்கே!”

நீங்கள் சொல்லுங்கள்: அந்த மாலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: எது குணமாக்கியதென்று தெரியாது என டாக்டரே கைவிரித்துவிட்டார். டிரைவர் உண்மையைச் சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு முன்பே மூளை அடங்கிவிட்டதே! மாலை செங்கமலத்துக்கு. சிரிக்கவைத்ததற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மெய்யோ பொய்யோ, ஒரே யானையைச் சலிக்காமல் கேட்க ஒரு ஆள் வேண்டுமே, அவள் கேட்டாள். மாசிலாமணியும் அவளுக்கே போட்டார். “ஊர் பார்க்குது, சும்மா இருங்க” என்று சிணுங்கினாள். மாலையை மட்டும் வீடுவரை கழற்றவில்லை.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த யானைக்கு என் வீடு தெரியும்.