நிற்க வைத்துக் காட்டுங்கள்

"ஓடிக்கிட்டு இருக்கறப்பவே நின்னுபோகுதுங்க," என்றார் நாச்சிமுத்து.

"நிக்க வெச்சுக் காட்டுங்க," என்றாள் அம்சவேணி.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், மரத்தடி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இந்தக் கதையின் குருவுக்கு முழங்கை வரை கிரீஸ். மலையடிவாரத்தில் செக்போஸ்ட்டைத் தாண்டி இருக்கிற தகரக் கொட்டகைதான் ஆசிரமம். வயதிலும் சீடரைவிட ரொம்பச் சின்னவள்.

சீடர் லாரிக்காரர். பழைய டீசல் லாரி, சொந்த வண்டி. மலைக்கு அரிசியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போய், வாழைத்தாரோடு இறங்குவார்.

நாச்சிமுத்து சாவியைப் போட்டார். ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டது. சீராக ஓடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அலுத்துப்போய்க் கலைகிற வரைக்கும் ஓடியது.

நிற்கவில்லை.

"இங்க நிக்காதுங்க. மலையிலதான் நிக்கும்."

"அப்ப நிக்கறப்ப வாங்க."

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேறொரு வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"ஏனுங்க அம்மிணி, டாக்டருகிட்டப் போனா, காய்ச்ச அடிக்கறப்ப வான்னு சொல்லுவாங்களா?"

வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "இதுக்கு முன்ன யாரு யாருகிட்டக் காட்டுனீங்க?"

"காட்டாத ஆளில்லீங்க. ஒருத்தர் பில்டரை மாத்துனாரு. ஒருத்தர் பைப்பு பூரா புதுசு போட்டாரு. இன்னொருத்தர் பம்பையே கழட்டி வேற மாட்டுனாரு."

"மாத்துனதுக்கு அப்பறம்?"

"கொஞ்ச நாளைக்கு நல்லா ஓடும்."

"அப்பறம்?"

"நின்னுபோகும்."

அம்சவேணி வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். வண்டியை அவள் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார்.

போன வாரம், முனியப்பன் கோயில் வளைவில், முழு லோடோடு ஏறும்போது இன்ஜின் அடங்கிவிட்டது. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குக் காற்று ஏது? வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. கூட வந்த தம்பி சென்னியப்பன் குதித்து ஓடிப்போய்ப் பின் டயருக்குக் கல் கொடுத்தான். கல் வழுக்கியது. இன்னொரு கல்லைத் தள்ளினான். அதில்தான் வண்டி நின்றது. அந்தப் பக்கம் சாலை முடிந்து வெறும் பள்ளம்.

"அப்பறம் அவன் வண்டியில ஏறலீங்க. நடந்தே கீழ எறங்கிப் போயிட்டான்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னானுங்க. 'இத்தன வருசமா என்னையக் கல்லு வெக்கத்தான் கூட்டிட்டு வர்றே. எங்கிட்டயும் லைசென்சு இருக்குது. ஒருநா ஸ்டியரிங்கைத் தொட உட்டிருக்கறயா'ன்னு கேட்டான். அமாவாசை கழிச்சுத் திருப்பூருக்குப் போறானாமா. பனியன் கம்பெனிக்கு."

அவர் டயரிலிருந்து எழுந்து நின்றார்.

"வண்டி போனாப் போகுதுங்க. அவன் போயிரக் கூடாது."

"நாளைக்கு லோடு ஏத்திக்கிட்டு வாங்க," என்றாள் அம்சவேணி. "மலைக்கு வேண்டாம். சமரோட்டுலயே போலாம். நிக்கற வரைக்கும் போலாம்."

மறுநாள் கிளம்பினார்கள்.

பழைய லாரியில் டீசல் முள் வேலை செய்தால் அதுதான் அதிசயம். அதனால் டிரைவர்கள் டேங்கைத் திறந்து குச்சி விட்டுத்தான் அளவு பார்ப்பார்கள். நாச்சிமுத்து இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல். டீக்கு நிறுத்தினால் குச்சி. டயர் தட்டிப் பார்க்க நிறுத்தினால் குச்சி. ஒண்ணுக்குப் போக ஒதுங்கினாலும், திரும்பி வந்து குச்சி.

வண்டி நிற்கவில்லை. பொழுது சாயும் வரை ஓடியது.

"பாத்தீங்களா, உங்க ராசிதானுங்க!" என்றார் அவர் குஷியாக.

"இன்னைக்குப் பொழுது வீணாப்போச்சு," என்றாள் அவள். முகம் கடுகடு என்று இருந்தது.

அடுத்த நாளும் போனார்கள். அன்றும் நிற்கவில்லை. இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேருக்காவது ஒரு தடவை நின்று தொலையக் கூடாதா என்று வண்டியைத் திட்டினார்.

திரும்பும் வழியில் அம்சவேணி கேட்டாள். "நின்னதும் வரிசையா என்னென்ன பண்ணுவீங்க?"

"கை பிரேக்கு போடுவேன். தம்பி கல்லு வெப்பான். டீசல் இருக்குதான்னு பாப்பேன். அப்பறம் கைப்பம்பை அடிச்சு டீசலை ஏத்துவேன். ஸ்டார்ட் ஆயிரும்."

"எதுனால ஆகுது?"

"கைப்பம்பு அடிக்கறதுனாலதானுங்க."

"எப்படித் தெரியும்?"

"கடைசியா அதைத்தானுங்க பண்றேன்."

அம்சவேணி முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நாளைக்கு டீ கிடையாது," என்றாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் டேங்கை நிறைத்துக்கொண்டு கிளம்பினார்கள். டீ இல்லை. டிபன் இல்லை. கடைகள் வந்தன, போயின. நாச்சிமுத்து ஒவ்வொரு கடையையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

வெயில் ஏறிய பிறகு, ஏரிக்கரை மேட்டில், இன்ஜின் இழுக்கத் திணறியது. இரண்டு தடவை உதறியது. அடங்கிவிட்டது.

வண்டி இருந்த வேகத்திலேயே அதை ஓரங்கட்டினார்.

"நின்னுபோச்சுங்க," என்றார் இழவு வீட்டுக் குரலில்.

அம்சவேணிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்பாடா," என்றாள்.

நாச்சிமுத்து இறங்கினார். கால் தானாக டேங்க் பக்கம் போனது. சாவி தானாக மூடியின் பூட்டுக்குப் போனது.

"கையை எடுங்க."

"டீசல் பாக்கறேனுங்க."

"காலையிலதான் நெறச்சோம்."

"ஒரே ஒருக்கா குச்சிய உட்டுட்டு..."

"அண்ணா. எடுங்க."

எடுத்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்பக் கைப்பம்பை அடிங்க."

அடித்தார். வழக்கமாக லேசாகப் போய்வரும் பிடி இன்றைக்குக் கெட்டியாக இருந்தது. டீசல் ஏறவில்லை. சாவியைப் போட்டார். இன்ஜின் ஒரு மூச்சு விட்டு அடங்கியது. மறுபடி அடித்தார். மறுபடி போட்டார். வேர்த்து ஊற்றியது.

"இந்தப் பம்பும் போயிருச்சுங்க! வேற மாத்தோணும்."

"எதையும் மாத்தாதீங்க."

"அப்ப என்ன பண்றது?"

"பாருங்க."

பார்த்துக்கொண்டு நின்றார்கள். போகிற லாரிக்காரர்கள் வேகம் குறைத்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் பில்டர் என்றார். ஒருவர் நாசில் என்றார். ஒருவர், எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க என்றார். அம்சவேணி எல்லாருக்கும் நன்றி சொன்னாள்.

பிறகு சொன்னாள். "இப்ப டேங்கைத் தொறங்க."

நாச்சிமுத்து பூட்டைத் திறந்து மூடியைத் திருகினார்.

புஸ்ஸ் என்றது.

"என்ன சத்தம்?"

"அது எப்பவும் வர்ற சத்தந்தானுங்க."

"எப்பருந்து எப்பவும்?"

அவர் மாதங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"கைப்பம்பைத் தொட வேண்டாம். ஏறிச் சாவியைப் போடுங்க."

போட்டார். திணறியது, கரும்புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. சீராக ஓடியது.

நாச்சிமுத்து இறங்கி வந்து மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். போன ஆடியில், வழியில் படுத்திருந்தபோது, எவனோ டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான். அதற்குத்தான் பூட்டு மூடி வாங்கினார். அதுவும் பத்தாது என்று சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் கொடுத்து இறுக்கினார். மூடியில் இருந்த சின்ன ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் போகுமே என்று அதையும் டியூபாலேயே மறைத்துவிட்டார். அன்றைக்கு அதை நினைத்துப் பெருமைப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"டேங்குல இருந்து டீசல் போகப் போக, அந்த எடத்துக்கு என்ன வரும்?" என்று கேட்டாள் அம்சவேணி.

"காத்துங்க."

"எந்த வழியா வரும்?"

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குச்சி விடத் திறந்தபோதெல்லாம்தான் காற்று உள்ளே போயிருக்கிறது.

"திருடனுக்குப் பயந்து செஞ்சனுங்க," என்றார் மெல்ல.

டியூபைப் பிய்த்தெடுத்தார். ஏரியை நோக்கிக் கையை ஓங்கினார்.

"எறியாதீங்க. திரும்பப் போடுங்க."

"எதுக்குங்க? அதான் கண்டுபுடிச்சாச்சே!"

"கைப்பம்பையும் இப்படித்தான கண்டுபுடிச்சு வெச்சிருந்தீங்க?"

எதிரே பஸ் வந்தது. அம்சவேணி கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். படிக்கட்டில் நின்று சொன்னாள். "நிக்க வெச்சுட்டு வாங்க. ஒருக்கா பத்தாது."

நாச்சிமுத்து ரோட்டோரம் தனியாக நின்றார். பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றியது. ஆனாலும் டியூபைப் போட்டு மூடியை இறுக்கினார். ஓட்டினார். டீக்கடை எதிலும் நிறுத்தவில்லை.

நின்றது.

டியூபை எடுத்துவிட்டு ஓட்டினார். அன்று முழுக்கவும் மறுநாள் முழுக்கவும் ஓட்டினார். நிற்கவில்லை.

மறுபடி டியூபைப் போட்டார். இந்தத் தடவை எந்த மேட்டில் நிற்கும் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த மேட்டிலேயே நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாக வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ மாதமாக அந்தச் சிரிப்பு வரவில்லை.

கொட்டகைக்குப் போனார்.

"எப்பக் கேட்டாலும் நிக்க வெச்சுக் காட்டறேனுங்க."

அம்சவேணி தலையாட்டினாள்.

"இனி மலையில நிக்காதுங்களா? ஒரு வார்த்த சொல்லுங்க. தம்பிகிட்டப் போய்ச் சொல்லோணும்."

"பழைய வண்டிங்கண்ணா. இன்னொரு நாளைக்கு வேற எதுக்காச்சும் நிக்கும்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்பறம் அவனை எப்படி நான் கூப்புடறது?"

"எதுக்குக் கூப்புடறீங்க? கல்லு வெக்கறதுக்கா?"

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் சென்னியப்பன் வந்தான். வந்ததே பெரிய விஷயம்.

"இந்த ஒரு நடைதான்," என்றான். "பைய எல்லாம் கட்டி வெச்சாச்சு."

மலை ஏறினார்கள். முழு லோடு. சென்னியப்பனின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. குதிக்கத் தோதாகக் காலையும் திருப்பி வைத்திருந்தான்.

வண்டி திணறாமல் ஏறியது. முனியப்பன் கோயில் வளைவு தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் சாலை அகலமாகிற இடத்தில் லாரி ஒதுங்கியது. இன்ஜின் அடங்கியது.

சென்னியப்பன் அதற்குள் கீழே இருந்தான். ஓடிப்போய்ப் பின் டயருக்குக் கல் கொடுத்தான். மூச்சிரைக்க நிமிர்ந்தான்.

"மறுபடியும் நின்னுபோச்சா?"

"இல்லடா. நாந்தான் நிறுத்துனேன்."

"எதுக்கு?"

நாச்சிமுத்து இறங்கி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தபடியே விட்டிருந்தார். பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கல்லின் மேல் கையை வைத்தார்.

"நீ ஏறு. எடுக்கறப்ப ஒரு கொரல் குடு, கல்ல உருவறேன்."