மெரிக்கின் விரல்கள்

“கிட்டாரை விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன், டீச்சர்.”

அருளப்பன் இதைச் சொல்லும்போது உட்காரக்கூட இல்லை.

ஐரீன் டீச்சர் ஒரு பழைய கிட்டாருக்குப் புதுத் தந்தி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு தந்தியை முறுக்கத் தொடங்கினார்.

அருளப்பன் பொன்மலை ரயில் பட்டறையில் சக்கரப் பிரிவில் வேலை செய்பவர். தலை நரைத்தவர். டீச்சருக்கு அவருடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். ஆனாலும் இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் அவர் மாணவர்.

அவரைப் பைக்கில் அழைத்து வந்த முபாரக் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரும் அதே பட்டறைதான். பட்டறை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். டின் லான்டர்ன்ஸ் என்ற பழைய ஆங்கில ராக் குழுவின் பாட்டுகளை மட்டும்தான் வாசிப்பார்கள். அருளப்பன் முதல் கிட்டார். முபாரக் இரண்டாவது.

மறுநாள் மாலை ரயில்வே குடியிருப்பின் ஆண்டு விழா. அதில் வாசிக்கப் போவதில்லை என்று அருளப்பன் குழுவிடம் சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. இனி எப்போதுமே வாசிக்கப் போவதில்லை என்று டீச்சரிடம் சொல்ல வந்திருந்தார்.

ஏன் என்று டீச்சர் கேட்டார்.

அருளப்பன் இடது கையை நீட்டினார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பற்றுப் போட்ட மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“அந்த இடமா?”

“அந்த இடம்தான்.”

டின் லான்டர்ன்ஸின் ஒரு பாட்டில், நடுவே ஓர் இடம் உண்டு. கீழ்த் தந்தியில் நான்கு சுரம். உடனே உச்சியில் மூன்று. உடனே மறுபடி கீழே நான்கு. இடையில் மூச்சு விடக்கூட நேரம் கிடையாது. குழுவின் முதல் கிட்டார்க்காரன் மெரிக் அதை ஏதோ கடைக்குப் போய் வருவதுபோல வாசித்துவிட்டுப் போவான்.

இளம் வயதிலிருந்து அருளப்பன் அதைப் பழகிவந்தார். மற்ற இடமெல்லாம் வந்துவிட்டது. அது மட்டும் வரவில்லை. ஒவ்வொரு விழாவிலும் அந்த இடம் வரும்போது டிரம்ஸை ஓங்கி அடிக்கச் சொல்லி அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்வார்.

“இப்பல்லாம் கிட்டாரைத் தொட்டாலே அந்த இடம்தான் ஞாபகம் வருது. மெரிக்கோட விரல் எனக்கு இல்ல டீச்சர். அது பழகி வர்றதில்ல. பொறக்கும்போதே இருக்கணும்.”

டீச்சர் தந்தியை முறுக்கி முடித்தார்.

“அந்த இடத்துல ஹாலம் என்ன பண்றான்?” என்று கேட்டார்.

அருளப்பனுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஹாலம் அந்தக் குழுவின் இரண்டாவது கிட்டார்க்காரன். அவனை எல்லாம் யார் கேட்பார்கள் என்றார் அருளப்பன். மெரிக் ஒரு தந்தியை வளைத்தால், தூரத்தில் போகிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும். ஒரு சுரத்தைப் பிடித்தால் அதை நடுங்கவிட்டு, அது தானாக ஓயும்வரை காத்திருப்பான். ஹாலம் அப்படியில்லை. உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பான், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி.

“மெரிக் கதை சொல்றான். ஹாலம் ஊம் கொட்டறான். அவ்வளவுதான் வித்தியாசம்.”

வாசலில் முபாரக் இருமினார்.

“வீட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல மெரிக் படத்தை மாட்டியிருக்காரு, டீச்சர்.”

“பக்கத்துல இல்ல,” என்றார் அருளப்பன். “கீழே.”

டீச்சர் தன் கிட்டாரை அவரிடம் கொடுத்தார். வேகமாக வாசிக்க வேண்டாம், அந்த இடத்தில் கை எப்படிப் போகிறது என்று காட்டினால் போதும் என்றார்.

அருளப்பன் காட்டினார். விரல்கள் கிட்டாரின் கழுத்தில் ஒரு கோடியில் நான்கு சுரம் வாசித்துவிட்டு, மறு கோடிக்குத் தாவின. அங்கே மூன்று. மறுபடி பழைய இடத்துக்கே தாவின. ஒவ்வொரு தாவலுக்கும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“இதை எதுல கேட்டுக் கத்துக்கிட்டீங்க?”

அருளப்பன் யோசித்தார். அப்போது பக்கத்து வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. அதில்தான். இப்போது செல்போன். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார். பட்டறைச் சத்தத்துக்காகப் பகல் முழுவதும் காதை அடைத்துக்கொண்டிருப்பவர் அவர். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் எதையாவது மாட்டிக்கொள்வது அவருக்குப் பிடிப்பதில்லை.

டீச்சர் எழுந்தார்.

அறையின் இரண்டு மூலைகளிலும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அருளப்பனை உட்காரச் சொன்னார். அந்தப் பாட்டின் சிடியைப் போட்டார். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னால், இடது பெட்டியின் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கினார்.

வலது பெட்டி மட்டும் பாடியது.

கீழே நான்கு சுரம். பிறகு கிட்டார் இல்லை. டிரம்ஸ் மட்டும். பிறகு கீழே நான்கு சுரம்.

“சிடி கீறியிருக்கு போல,” என்றார் அருளப்பன்.

டீச்சர் இடது பெட்டியின் ஒயரை மாட்டினார். வலது பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார்.

டக்டக்கென்று தூறல் விழுந்தது. அந்த இடம் வந்ததும் தூறல் நின்றது. உச்சியில் மூன்று சுரம், ஒரு அவசரமும் இல்லாமல். பிறகு மீண்டும் தூறல்.

அருளப்பன் அசையவில்லை.

“மறுபடி,” என்றார்.

டீச்சர் மறுபடி போட்டார்.

“வலது பக்கம்.”

அதையும் போட்டார்.

“இடது பக்கத்துல இருக்கிறது யாரு?”

“ஹாலம். வலதுல மெரிக். ஆளுக்கு ஒரு பக்கமாப் பதிவு பண்ணியிருக்காங்க. அந்தக் காலத்துல அப்படிச் செய்வாங்க. ஒத்தை ஸ்பீக்கர்ல கேட்டா ரெண்டும் ஒண்ணாக் கலந்துடும்.”

அருளப்பன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ அதை ஒரே ஆள் வாசிக்கலையா?”

“இல்ல.”

“மெரிக்கும் வாசிக்கலையா?”

“மெரிக்குக்கும் ரெண்டு கைதானே.”

அருளப்பன் நீளமாக மூச்சு விட்டார். எவ்வளவு காலம் பிடித்துவைத்திருந்த மூச்சோ. தோள் இரண்டும் இறங்கின. பிறகு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். காய்ச்சல் விட்ட பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல, தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

“என் கைக்கு ஒண்ணும் இல்லையா, டீச்சர்?”

“வீங்கியிருக்கு. அதுக்கு டாக்டரைப் பாருங்க.”

பிறகு டீச்சர் சொன்னார்.

“மெரிக் வாசிச்சதை மட்டும் வாசிங்க.”

கீழே நான்கு சுரம். சின்னப் பிள்ளைகூட வாசிக்கும். அருளப்பன் வாசித்தார். ஆனால் நான்காவது சுரம் முடிந்ததும் கை தானாக உச்சிக்குத் தாவியது. தடுமாறி நின்றது.

இன்னொரு முறை வாசித்தார். இன்னொரு முறை தாவியது.

“அங்கே என்ன பண்ணணும், டீச்சர்?”

“ஒண்ணும் பண்ண வேணாம்.”

“அதுதான் வர மாட்டேங்குது.”

டீச்சர் காத்திருந்தார்.

அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு சுரம் வாசித்தார். இந்த முறை கையைக் கிட்டாரிலிருந்தே எடுத்துவிட்டார்.

அறையில் சத்தம் இல்லை.

அப்போது வாசல் பக்கமிருந்து மூன்று சுரம் வந்தது. யாரோ வாயால் பாடினார்கள். சுருதி பிசகவில்லை. தாளமும் தப்பவில்லை.

யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள், அருளப்பனின் விரல்கள் கீழே அடுத்த நான்கையும் வாசித்து முடித்திருந்தன. அந்த இடத்தைத் தாண்டியிருந்தன.

முபாரக் வாசல் நிலையில் சாய்ந்து, தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அருளப்பன்.

“எனக்கு எப்பவுமே பிடிச்சது ஹாலம்தாண்ணே.”

“அந்த மூணும் அவனோடதுன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“மேடையில அந்த இடத்தை உங்களுக்கே விட்டுட்டு நிப்பேன். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ஹாலம்னு ஆரம்பிச்சாலே சிரிச்சிருவீங்க.”

அருளப்பன் சிரிக்கவில்லை.

ஐரீன் டீச்சர் உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தார். முபாரக்கைப் பார்த்தபடி, அருளப்பனுக்கு இடது பக்கமாகப் போட்டார்.