மடை காத்த நண்டு

அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடந்தது. சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கால் போகும். கண்களும் ஓட்டுக்குள் அடக்கமாக இருந்தன. எருமையும் தவளையும் மீனும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. பேசியதில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றித்தான்.

மலையில் பிறந்து கடலோரத்தில் முடிகிற ஓர் ஆறு இருந்தது. தண்ணீர் முதலில் வந்து இறங்குகிற தலைமடையில் எருமைகள் வாழ்ந்தன. நடுவில் தவளைகள். ஆறு ஓய்ந்துபோகிற கடைமடையில் ஒரு குட்டை. அங்கே விரால்களும் ஆமைகளும். நம்முடைய நண்டு நடு ஆற்றில் இருந்தது. அதன் அக்காவைக் கடைமடையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மழை ஒழுங்காகப் பெய்தவரை மேலே யார், கீழே யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. எருமைகள் கல்லை உருட்டி, சேற்றை மிதித்து, ஆற்றின் குறுக்கே ஓர் அணை போட்டு அதற்குள் படுத்துக்கொண்டன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எருமைக்குக் கழுத்துவரை தண்ணீர் இருந்தால்தான் தண்ணீர் இருக்கிறது என்றே தோன்றும். கீழே இருந்தவர்களுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஆமைகள் திரண்டு வந்து அணையை இடித்தன. எருமைகள் எழுந்து மிதித்தன. அந்தக் கலவரத்தில் ஓர் ஆமையின் ஓடு உடைந்தது, ஓர் எருமைக் கன்றின் கால் கல்லிடுக்கில் சிக்கி முறிந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் புத்தி வந்தது. ஆற்றின் நடுவே மணல்திட்டில் ஒரு மருத மரம் இருந்தது, அதனடியில் கூடினார்கள். தவளைகள் இருக்கிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? தொண்டை கட்டும்வரை அவையே பேசின. ஒருவழியாக ஒரு முறை ஏற்பட்டது. அணையில் ஒரு மடை வைப்பது, தவளைகளின் வாய்க்காலில் இன்னொரு மடை வைப்பது. முதலில் தலைமடைக்கு மூன்று நாள் தண்ணீர், அடுத்து நடுமடைக்கு மூன்று நாள், கடைசியில் கடைமடைக்கு மூன்று நாள். ஆளுக்குச் சமம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மடையைத் திறந்து மூட யாரை வைப்பது? எருமையை ஆமைகள் ஒப்பவில்லை. ஆமையை எருமைகள் ஒப்பவில்லை. தவளை திறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே மூட மறந்துவிடும். கடைசியில் எல்லோர் கண்ணும் நண்டின் மேல் விழுந்தது. கொடுக்கு இருக்கிறது, தரையிலும் தண்ணீரிலும் நடக்கும், யாரோடும் சண்டை கிடையாது.

"உங்க அக்கா கீழ இருக்காளே. கை நீண்டுராதில்ல?" என்று கேட்டது கடா எருமை.

"முறைன்னா முறைதான் அண்ணே. அக்கா வேற, மடை வேற" என்றது நண்டு. சொன்னபடியே நடந்தது.

வெயில் ஏறியது. ஒரு நாள் மீன்கொத்தி பறந்து வந்து அணைமேல் உட்கார்ந்தது. "தம்பி, உங்க அக்கா வயித்து மடிப்பு நிறைய குஞ்சு. குட்டையில சேறுதான் மிச்சம். ஒரே ஒரு நாள் முன்னாடி மடையைத் திறந்துவிடச் சொன்னா."

நண்டு இரண்டு கொடுக்கையும் பிசைந்துகொண்டு நின்றது. அப்போது தவளைகளின் முறை நடந்துகொண்டிருந்தது. அக்காவின் குஞ்சுகளுக்குத் தாய்மாமன் அது ஒன்றுதான். ஆனாலும் திறக்கவில்லை. "நாளைக்கு அவங்க முறை வந்துரும். பொறுத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியது.

கடைமடையின் முறை வந்ததும் தவளைகளின் மடையை மூடிவிட்டு, அணையின் மடையை முழுசாகத் திறந்தது. மூன்று நாளும் தண்ணீர் சலசலவென்று கீழே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பொழுது சாய மூடிவிட்டு, மறுநாள் காலையில் குஞ்சுகளைப் பார்க்கப் புறப்பட்டது. அக்கா இப்போது சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தது.

மருத மரம் தாண்டுகிறவரை மணல் ஈரமாக இருந்தது. அப்புறம் ஈரம் காலில் ஒட்டவில்லை. ஒரு வளைவு திரும்பியது, மணல் வெள்ளைவெளேரென்று கிடந்தது. அங்கிருந்து கடைமடை இன்னும் நெடுந்தூரம். மூன்று நாள் விட்ட தண்ணீரையும் வழியில் இருந்த காய்ந்த மணலே குடித்துவிட்டிருந்தது. இதற்கு முன்னால் வந்த ஒவ்வொரு முறையிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

குட்டையில் அக்கா வெடித்த சேற்றில் பாதி புதைந்து கிடந்தாள். மடிப்பில் இருந்த குஞ்சுகளில் பல அசையவில்லை.

"வந்துட்டியாடா" என்றாள்.

"தண்ணி விட்டேனே அக்கா. மூணு நாளும் விட்டேனே."

"விட்டே. இங்க வரலையே" என்றாள் அக்கா. "உன்னைக் குத்தம் சொல்லலடா. நீ விட்டதும் நிஜம், இங்க வராததும் நிஜம்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நண்டு அந்தச் சேற்றில் விழுந்து அழுதது. பிறகு எழுந்து, வந்த வழியே மேலே ஓடியது.

மருத மரத்தடியில் மறுபடி கூட்டம். "முறையை மாத்தணும். கடைமடைக்கு முதல்ல விடணும். தண்ணி போய்ச் சேர்ற வரைக்கும் விடணும்" என்றது நண்டு, மூச்சிரைக்க.

கடா எருமை எழுந்து நின்றது. "நான் அன்னைக்கே கேட்டேன்ல? அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்ததும் முறை கசக்குது." தவளைகளும் சேர்ந்துகொண்டு கத்தின. ஆமைகள் சும்மா இருக்குமா? அவையும் கழுத்தை நீட்டின. இன்னொரு கலவரம் வந்துவிடும்போல இருந்தது.

"என் பேச்சை நம்ப வேண்டாம். யாராவது ஒருத்தர் வந்து பாருங்க. அது போதும்" என்றது நண்டு.

கால் முறிந்த கன்றின் தாய் எழுந்தாள். "நான் வரேன்" என்றாள்.

அவள் மருத மரத்தைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒருநாளும் போனதில்லை. எருமைக்குப் போக வேண்டிய அவசியம் என்ன? வளைவு தாண்டியதும் மணல் குளம்பைச் சுட்டது. "இன்னும் தூரமா தம்பி?" என்றாள். இன்னும் இருக்கிறது என்றது நண்டு. அவளுக்கு நாக்கு வெளியே தள்ளியது. "இவ்வளவு தூரத்துல ஆளுங்க இருக்காங்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். குளம்பால் மணலைக் கிளறிப் பார்த்தாள். ஆழத்திலும் காய்ந்துதான் கிடந்தது.

குட்டையின் ஒரு மூலையில் மட்டும் கையளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒரு தாய் விரால் தன் செந்நிறக் குஞ்சுகளின் மேல் வெயில் படாமல் குறுக்கே படுத்திருந்தது. எருமைத் தாய் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவள் நிழல் குட்டையின் மேல் விழுந்தது. அதற்காகவே நின்றாளோ என்னவோ.

திரும்பி வந்து கூட்டத்தில் அவள் சொன்னது கொஞ்சம்தான். "நாம சமமாத்தான் பிரிச்சோம். நமக்கு மூணு நாளும் தண்ணி, அவங்களுக்கு மூணு நாளும் மணல். முதல்ல கீழ விடுங்க. ஆறு நனைஞ்சு கிடந்தா நடுமடைக்கும் சீக்கிரம் பாயும். நாம கொஞ்ச நாள் முழங்கால் தண்ணியில படுத்தா செத்துற மாட்டோம்."

நாள் கணக்கு வேண்டாம், தண்ணீர் போய்ச் சேர்ந்ததுதான் கணக்கு என்று முடிவாயிற்று. சேர்ந்ததும் மீன்கொத்தி வந்து சொல்லும், அப்போது மடையை மூடுவது.

கடா எருமை இன்னும் உட்காரவில்லை. "சரி. ஆனா மடை யார் கையில இருக்கு? நண்டு கீழ பாத்துப் போனா அக்காவுக்காகப் போகுதுன்னு நாம சொல்வோம். மேல பாத்து வந்தா நமக்குச் சாதகமா வருதுன்னு ஆமை சொல்லும். நாளைக்கு மறுபடி அடிச்சுக்கத்தான் போறோம்."

நியாயமான கேள்விதான். இந்த முடிவு உடைந்தால் அக்கா பிழைக்கமாட்டாள் என்று நண்டுக்குத் தெரிந்தது.

அது மெதுவாக நடந்து ஆற்றின் நடுவே போய் நின்றது. முகத்தை மலைப்பக்கத்திலிருந்து திருப்பியது. கடல்பக்கமும் வைக்கவில்லை. கரையைப் பார்த்து நிறுத்தியது.

"இனிமே என் முகம் மேலயும் திரும்பாது, கீழயும் திரும்பாது. எங்க போனாலும் இப்படியேதான் போவேன். எனக்குத் தலைமடையிலும் வீடு வேண்டாம், கடைமடையிலும் வேண்டாம். வாய்க்கால் வரப்புல ஒரு வளை போதும்."

சொல்லிவிட்டு முதல் அடியைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தது. கால் மூட்டெல்லாம் முறுக்கிக்கொண்டு வலித்தது. முகத்தைத் திருப்பாமல் இரண்டு மடையையும் பார்க்க வேண்டுமே என்று முக்கி முக்கிப் பார்த்ததில், கண் இரண்டும் ஓட்டைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு வந்துவிட்டன. கடா எருமை உட்கார்ந்தது.

மடை திறந்தது. தண்ணீர் வளைவைத் தாண்டிற்று. மீன்கொத்தி நனைந்த இறகோடு வந்து, "சேந்துருச்சு!" என்று கத்தியது. நண்டு அந்த நொடியே மடையை மூடியது, ஒரு சொட்டு கூடுதலாக விடவில்லை. கூடவே மீன்கொத்தி அக்காவின் சேதியையும் சொன்னது. மிச்சக் குஞ்சுகள் பிழைத்துவிட்டன, மடியைவிட்டு இறங்கப் போகின்றன, தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும்.

நண்டு புறப்பட்டது. முகம் கரையைப் பார்த்தபடி, பக்கவாட்டில், ஆற்றின் நீளம் முழுவதும் நடந்தது. கடா எருமை மருத மரம்வரை வந்து நின்று கவனித்தது. அதையும் நண்டின் ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"என்னடா இது கோலம்? நேரா வா. உன் முகத்தைப் பாக்கணும்" என்றாள் அக்கா.

"முடியாது அக்கா."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் குட்டையைவிட்டு ஏறி, கரைக்குப் போய், தம்பியின் முகம் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அழுதார்கள், சிரித்தார்கள்.

அப்போது குஞ்சுகள் ஒவ்வொன்றாக மடியைவிட்டு இறங்கின. பிறந்து அவை கண்ட முதல் நடை மாமாவின் நடை. மாமா திரும்பிப் போனபோது, சின்னஞ்சிறு கண்களைத் துருத்திக்கொண்டு, கரையைப் பார்த்தபடி, பக்கவாட்டிலேயே அவையும் பின்னால் ஓடின. அக்கா கூப்பிட்டுத் திருத்தவில்லை.

கடைமடைக்கு முதல் தண்ணீர் என்ற முறை அந்த ஆற்றில் வந்ததும், நண்டுகள் வரப்பில் வளை வைத்து, மேலும் கீழும் பார்க்கிற கண்களோடு, யார் பக்கமும் முகம் திருப்பாமல் நடக்கத் தொடங்கியதும் அன்று முதல்தான்.