மைனாவின் முதுகு

"அம்மா, நான் அவளுக்குப் பாரமா?"

பூதலிங்கம் இதைக் கேட்டபோது அறம்வளர்த்த அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எவளுக்கு?"

"மைனாவுக்கு."

மடத்து வாசலில் மைனா நின்றுகொண்டிருந்தது. செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. மலைக்குதிரை. குட்டை. கழுத்தில் வேர்வை காய்ந்து உப்புக் கோடு விழுந்திருந்தது.

பூதலிங்கம் ஜமீனின் கணவாய்க் காவல்காரன். ஐம்பதைத் தாண்டியவன். எந்த வீட்டுக்குள்ளும் குனிந்துதான் நுழைய வேண்டும், அத்தனை உயரம். தோளும் வயிறும் அதற்கேற்ப. அவன் ஏறி உட்கார்ந்தால் பாதம் மைனாவின் முழங்காலுக்கும் கீழே தொங்கும்.

முன்பு அவனுக்கு ஒரு பெரிய ஆண்குதிரை இருந்தது. வயிறு ஊதிச் செத்துப்போனது. ஜமீன் லாயத்தில் அப்போது மிச்சம் இருந்தது மைனா ஒன்றுதான்.

அம்மை அவனைவிட வயதில் இளையவள். ஒல்லியானவள். ஆனால் அவனுக்கு அவள்தான் குரு. மலைப்பாதையின் பாதி ஏற்றத்தில் அவளுடைய மடம். போகும்போதும் வரும்போதும் அங்கே இறங்கி, அவள் காலடியில் கொஞ்ச நேரம் உட்காராமல் அவன் போனதில்லை.

"ஊர்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"சந்தைக்குப் போனா சிரிக்கிறாங்க. குதிரை எங்கேன்னு கேக்கிறாங்க."

"லாயத்துல?"

"லாயம் பாத்துக்கிற மீராசா ராவுத்தர்கிட்ட கேட்டேன். நெட்டையா இருந்தா பார்க்க நல்லா இருக்காது, அவ்வளவுதான்னாரு. உயரம் குதிரைக்குத் தெரியாதாம். எடைதான் தெரியுமாம்."

"சரி. எடை?"

"அதுக்கு அவர் பதில் சொல்லல. மைனா முதுகைத் தடவிப் பார்த்தாரு. இதுவரைக்கும் தாங்குதுன்னாரு."

"அப்புறம் யாரைக் கேட்ட?"

"லாடம் அடிக்கிறவரைக் கேட்டேன். ஜமீன்தார்கிட்டயே கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அவளைக் கேட்டியா?"

பூதலிங்கம் சிரித்தான்.

"அவ என்ன சொல்லுவா? போன்னா போறா. நில்லுன்னா நிக்கிறா. ஒரு நாள் முரண்டு பிடிச்சதில்ல. தங்கமான குணம்மா அவளுக்கு."

அம்மை ஒரு கீரைத்தண்டை ஒடித்தாள்.

"மாட்டேன்னு சொல்லத் தெரியாதவகிட்ட கேட்டு என்ன பிரயோசனம்?"

அவனுக்குப் புரியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அங்கவடியில் கால் வைத்து ஏறினான். மைனா பின்னங்கால்களை அகட்டி வைத்து ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நடந்தது.

*

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் விடிந்ததும் ஆள் வந்தது. பூதலிங்கம் தன் மகள் பகவதியைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தான். தாயில்லாப் பெண். ஒரே பெண். அவளுக்கு வலி கண்டிருந்தது. முந்தின நாளே கண்டது. பிள்ளை இன்னும் வரவில்லை.

"மருத்துவச்சி கையை விரிச்சிட்டா," என்றான் வந்தவன். "அரண்மனை வைத்தியர்கிட்ட ஏதாவது வாங்கிக்கிட்டு உடனே வரச் சொன்னாங்க."

பூதலிங்கம் மருந்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். சேணத்தை இறுக்கினான். புறப்பட்டான்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் எப்போதும் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மைனாவோடு நடப்பான். அன்றைக்கு இறங்கவில்லை.

மடத்தின் முன்னால் எப்போதும் நிற்பான். அன்றைக்கு நிற்கவில்லை.

அம்மை மழையில் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"இறங்கி நட. இந்த ஏத்தம் மட்டும்."

"நேரமில்லம்மா."

"பூதலிங்கம், அவ மூச்சைக் கேளு."

"எம் பொண்ணும்மா!"

கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு குதிகாலால் உதைத்தான். மைனா போனது.

மடத்துக்கு மேலே இரண்டாவது வளைவில் அதன் பின்னங்கால்கள் மடங்கின. சேற்றில் அவன் ஒரு பக்கமும் குதிரை ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். மைனா முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பாதி வரவில்லை. மறுபடி ஊன்றியது. மறுபடி வரவில்லை.

அவன் குதிரையைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான்.

ஓடினான்.

அந்த உடம்போடு, அந்த மழையில், அந்த ஏற்றத்தில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினான். கொஞ்ச தூரம் தவழ்ந்தும் போனான்.

மகள் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் யாரும் ஓடிவரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.

தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மருந்து மடியில் நனைந்து கிடந்தது.

*

எல்லாக் காரியமும் முடிந்த பிறகு பூதலிங்கம் கணவாய் வழியாக நடந்தே திரும்பினான். மகளுக்குக் கொள்ளி வைத்த இடத்தில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பொதிமாடு ஓட்டிப் போனவர்கள் மடத்தில் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள்.

அம்மையின் முன்னால் வந்து நின்றான்.

"மைனா எங்கம்மா? வளைவுல காணோம். நரி இழுத்துட்டுப் போயிருச்சா?"

"மழை விட்டதும் எப்படியோ எந்திரிச்சிருக்கு. காலை இழுத்துக்கிட்டே இறங்கி வந்துச்சு. மாட்டுக்கொட்டகையில படுத்தது. அப்புறம் எந்திரிக்கல."

அவன் கொட்டகைப் பக்கம் போகவில்லை. அங்கேயே நின்றான்.

"அம்மா, நீங்க இன்னிக்காவது சொல்லணும். நான் பாரமா, இல்லையா?"

"இல்லன்னு சொன்னா?"

"அப்ப அவ ஏன் விழுந்தா? யாரு செஞ்ச பாவத்துக்கு எம் பொண்ணு போனா?"

"ஆமான்னு சொன்னா?"

"அப்ப நான்தான். என் உடம்புதான். வேற யாராவது ஏறி வந்திருந்தா மருந்து போய்ச் சேர்ந்திருக்கும்."

"இதுல எது வேணும் உனக்கு?"

அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கம்மா. கொன்னவன்னே சொல்லுங்க. ஒண்ணும் தெரியாம இருக்க முடியல."

அம்மை கொட்டகையைக் கை காட்டினாள்.

*

மைனா வைக்கோலில் பக்கவாட்டில் கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. அம்மை அரைத்துப் போட்ட பச்சிலை முதுகில் காய்ந்து வெடித்திருந்தது.

பூதலிங்கம் வாசலில் நின்றதும் அதன் காதுகள் முன்னால் திரும்பின.

முன்னங்கால்களை நீட்டி ஊன்றியது. கழுத்து விறைத்தது. மார்பு தரையை விட்டு எழும்பி, அந்தரத்தில் நடுங்கி நின்றது. பின்பாதி அசையவில்லை. தடாலென்று விழுந்தது.

"வேண்டாம் மைனா. படு. படு தாயி."

கழுத்தைத் தடவினான். அது மறுபடி ஊன்றியது.

தண்ணீர் எடுக்க வெளியே போய் வந்தான். மறுபடி ஊன்றியது. கொள்ளு வேகவைத்துக் கொண்டுவந்தான். மறுபடி. சாயங்காலத்துக்குள் அதன் முழங்கால்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அம்மை துணியை நனைத்துத் துடைத்தாள். அவள் துடைக்கும்போது மைனா அசையாமல் கிடந்தது.

மறுநாள் காலை பூதலிங்கம் அம்மையிடம் வந்தான். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"அம்மா, அவளுக்கு என் மேல கோபம் இல்லம்மா."

"எப்படித் தெரியும்?"

"நீங்க போனா சும்மா கிடக்கிறா. என்னைப் பாத்தா மட்டும் எந்திரிக்கப் பாக்குறா. அந்த நெலமையிலயும். மன்னிச்சிட்டாம்மா என்னை."

கொள்ளுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான்.

அம்மை அவனுக்கு முன்னால் போய்க் கொட்டகை வாசலில் நின்றாள். இரண்டு பக்கத்துக் கம்பங்களிலும் கைகளை வைத்து வழியை அடைத்தாள். ஒரு விரலால் அவளை அவன் நகர்த்திவிடலாம்.

"உள்ள போகாத."

"ஏம்மா? என்னைத் தேடுவா."

"தேடல."

"பின்ன ஏன் எந்திரிக்கிறா?"

"வேலைக்கு எந்திரிக்கிறா."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாத்திரம் அவன் கையில் சாய்ந்து கொள்ளு தரையில் கொட்டியது. அவன் கவனிக்கவில்லை.

"அவளுக்கு உன்னை ரெண்டு விதமாத்தான் தெரியும்," என்றாள் அம்மை. "எதிர்ல நின்னா, ஏறப் போறவன். கண்ணுல படாம முதுகுல கனத்தா, ஏறிட்டவன்."

அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

"அப்ப நான் எங்கம்மா போவேன்?"

அம்மை கம்பங்களிலிருந்து கைகளை எடுத்தாள். ஒரு விரலால் தரையைக் காட்டினாள். காட்டிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அவன் மண்டியிட்டான். பிறகு கைகளையும் ஊன்றினான். அந்தப் பெரிய உடம்பு சாணியிலும் சேற்றிலும் தவழ்ந்து உள்ளே போனது. மைனாவின் முகத்துக்கு நேராக, ஈர வைக்கோலில், கன்னம் தரையில் பட நீட்டிப் படுத்தான்.

மைனாவின் காதுகள் திரும்பின. ஒரு முன்னங்கால் நீண்டு ஊன்றியது.

அவன் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தொடவில்லை.

ஊன்றிய கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல மடங்கியது. மைனா கழுத்தைத் தளர்த்தித் தலையைக் கீழே வைத்தது. அதன் மூக்கிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்து, வைக்கோல் தூசியை அவன் முகத்தில் ஊதியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

மதியம் அம்மை கஞ்சி கொண்டுவந்தாள். இரண்டு உடம்பும் அப்படியே கிடந்தன. மைனா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் அதன் மூச்சு நின்றுபோனது.

*

அம்மை வாசலில் வந்து நின்றாள். அவன் இன்னும் படுத்தே இருந்தான்.

"கடைசி வரைக்கும் எந்திரிக்கப் பாக்கலம்மா," என்றான்.

"ம்."

"எங்கிட்ட வந்த பிறகு, இன்னிக்கு ஒரு நாள்தான் அவ படுத்திருக்கா. நான் பக்கத்துல இருக்கும்போது."



அவன் எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். பச்சிலை உதிர்ந்த இடத்தில் மைனாவின் முதுகு தெரிந்தது. சேணம் உட்காரும் இடத்தில் மயிர் நரைத்து வெளுத்திருந்தது. தினமும் அவன் தன் கையால் சேணம் வைத்த முதுகுதான்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மெல்ல மாறியது. யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா."

"சொல்லு."

"புரட்டாசியில பகவதியைப் பார்க்கப் போயிருந்தேன்."

"ம்."

"நான் வீட்டுக்குள்ள வந்தா அவ எந்திரிச்சு நிப்பா. அவ அம்மா செத்ததுல இருந்தே அப்படித்தான். நான் சொல்லிக் கொடுக்கல. என் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சுருவா."

"ம்."

"அன்னிக்கும் எந்திரிச்சா. அந்த வயித்தோட. கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. சுவத்தைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. வாங்கப்பான்னு சிரிச்சா."

"நீ என்ன செஞ்ச?"

"நின்னு பாத்தேன்."

இன்னொரு முறை சொன்னான்.

"நின்னு பாத்தேம்மா. நல்ல பொண்ணுன்னு நெனைச்சேன்."

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. மகள் வீட்டு வாசலில் வராதது, கொள்ளி வைக்கும்போது வராதது. கொட்டகைக் கூரை அதிரும்படி அழுதான். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். அம்மை தடுக்கவில்லை.

அழுகை ஓயவில்லை. சத்தம் மட்டும் குறைந்தது.

அம்மை உள்ளே வந்தாள். அவனுக்கு எதிரே, சாணியும் ரத்தமுமாகக் கிடந்த தரையில் உட்கார்ந்தாள்.

குரு அழுக்குத் தரையில் உட்கார்ந்ததைக் கண்டதும் அவன் பதறினான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையைத் தரையிலும் ஊன்றி எழப் பார்த்தான். உடம்பு முழுக்க நடுங்கியது.

அம்மை அவன் தோளில் கை வைத்தாள்.

"எந்திரிக்காத."