திரைக்குப் பின்னால் கேட்ட சம்மதம்

முன்னொரு காலத்திலே மருதங்கோட்டைச் சீமையைக் கொண்டல்ராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: வழுக்கை. கிரீடத்தைக் கழற்றவே கூசுவான், பாவம்.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் அகோரமூர்த்தி, கன்னங்கரேலென்று ஒரு குடம் கஷாயத்தோடு சபைக்கு வந்தார். "குடித்தால் முடி கொத்துக் கொத்தாக முளைக்கும், மகாராஜா! முதலில் பல்லக்குத் தூக்குகிற சடையனுக்குக் கொடுத்துப் பார்ப்போம். சம்மதமென்று தலையாட்டிவிட்டான்."

மந்திரி பொன்னம்பலத்தார் சடையனைப் பார்த்தார். அவன் குடத்தைப் பார்த்து ஓரடி பின்னுக்கு நகர்ந்தான். நேற்று அந்தக் கஷாயத்தை நக்கிய ஆடு இன்னும் எழுந்திருக்கவில்லை. மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, அந்த ஆடு..."

"என் பெயர் ஓங்கினால் மந்திரியாருக்குப் பொறுக்காதே!" என்று வைத்தியர் வெட்டினார். "டேய் சடையா, சம்மதம்தானே?"

"உ... உத்தரவு சாமி!"

"கேட்டீரா?" என்று ராஜா தொடையைத் தட்டினான்.

மந்திரி குழைந்தார். "நல்லது. கஷாயம் ஆறட்டும். அதற்குள் தாங்கள் ஒரு பாட்டு..."

ராஜாவுக்கு இது போதாதா? கட்டைக் குரலில் பிடித்தான் பாருங்கள்! சபை முழுக்கத் தலை ஆடியது. "அமிர்தம்!" என்று வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொன்று?"

"சம்மதம்! சம்மதம்!"

"அப்படியானால் சபையோரே," என்றார் மந்திரி, "சிம்மாசனத்துக்கு முன்னால் திரை விழும். போகிறவர்கள் போகலாம். யார் போனதென்று மகாராஜா விசாரிக்க மாட்டார்." ராஜாவும் மிதப்பாகத் தலையசைத்தான்.

பாட்டு முடிந்து திரை எழுந்தது. சபையில் ஈ காக்கை இல்லை! வைத்தியரின் மேல்துண்டு கதவிடுக்கில் தொங்கியது. மூலையில் சடையன் மட்டும் நின்றான். அவனைத்தான் யாரும் போகச் சொல்லவில்லையே.

"அடப்பாவிகளா! எல்லாரும் தலையாட்டினார்களே!"

"சடையனும் அப்படித்தான் ஆட்டினான், மகாராஜா. தங்கள் முகத்துக்கு நேரே மாட்டேனென்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்பும்?"

ராஜா மூலையில் நின்ற சடையனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அவனுக்கும் திரை போடும்" என்றான்.

மந்திரி சடையனிடம் ஆட்டின் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் திரையை இறக்கினார். ஏற்றியபோது ஆளைக் காணோம். வாசல் காவலர்கள் வைத்தியரை இழுத்து வந்தார்கள்.

"ஓய், நீரே குடியும்!"

"ஐயையோ மகாராஜா! திரை! எனக்கும் திரை போடச் சொல்லுங்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். கஷாயம் குப்பைக் குழிக்குப் போனது. மந்திரி கழுத்தில் முத்துமாலை விழுந்தது. அன்றுமுதல் எந்தப் புது மருந்தானாலும், உள்ளதைச் சொல்லித் திரை போட்டுக் கேட்ட பிறகுதான் கொடுக்கவேண்டும் என்று சட்டமாயிற்று.

பல்லக்குத் தூக்க ஆளில்லாமல் ராஜா நடந்தே அந்தப்புரம் போனான். வழியில், "எல்லாம் சரி, பொன்னம்பலத்தாரே. என் பாட்டை நீராவது கடைசிவரை இருந்து கேட்டீரே!" என்றான் ஆசையாக.

"திரைக் கயிறு என் கையில் அல்லவா இருந்தது, மகாராஜா!"