வெள்ளிச் சங்கும் ஐந்து சொட்டும்

ஒரு வீட்டு அடுக்களையில், குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு ஒன்று இருந்தது. அம்மா வினோதினி தையல் கம்பெனிக்குப் போகும் நாட்களில், அவள் எடுத்துவைத்த பாலை மூன்று மாத எழிலின் வாயில் சேர்ப்பது அதுதான். தன்னைக் கேட்காமல் அந்த வாய்க்குள் எதுவும் போகக்கூடாது என்று அதற்கு ஒரு நினைப்பு.

ஒரு புதன்கிழமை நர்ஸ் ஜெபமாலை வந்து, ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து வைத்தாள்.

"மறுபடியும் வந்துட்டியா?" என்றது சங்கு. "மாசம் ஒரு தடவை அஞ்சு சொட்டு விட்டுட்டுப் போயிடறே. இவன் அக்கா கயல் வாந்தியும் பேதியுமா, அழக்கூடத் தெம்பில்லாம கிடந்தப்போ நீ எங்கே இருந்தே? ரெண்டு நாள் உப்புச் சர்க்கரைத் தண்ணியை நான்தான் ஊட்டினேன். அவ பிழைச்சதும் இந்த அம்மா என்னைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. உன்னை யாரு ஒத்திக்குவா?"

"யாரும் மாட்டாங்க," என்றது குப்பி. "பேதியில பொல்லாதது ஒண்ணு இருக்கு. அது வர்றதுக்கு முந்தியே நான் வந்துடணும். நான் ஜெயிச்சா, பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

ஜெயித்ததை யாரும் பார்க்காவிட்டால் அது என்ன ஜெயிப்பு என்று சங்கு முணுமுணுத்தது.

"ரெண்டு தடவை குடுத்தாச்சே அக்கா, போதாதா?" என்றாள் வினோதினி. "புள்ள நல்லாத்தானே இருக்கான்."

"நல்லா இருக்கும்போதுதாம்மா குடுக்கணும். மூணாவதும் போனாத்தான் முழுசு."

ஆனால் அந்தப் பயல் வாயைத் திறந்தால்தானே! உதட்டை இறுக்கிக்கொண்டான். ஜெபமாலை கொஞ்சிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மசியவில்லை.

"விடுங்கக்கா, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"எங்கே, அந்தச் சங்கை எடுத்துக் காட்டு."

வினோதினி சங்கை எடுத்துக் காட்டினாள். சங்கு இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், குப்பி வந்த வழியே போய்விடும். ஆனால் தன் மூக்கு நுனியில் வறண்டு ஒட்டிய கயலின் நாக்கு சங்குக்கு நினைவு வந்தது. அது முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னல் வெயிலை வாங்கிக்கொண்டு பளபளவென்று சிரித்தது.

எழில் 'ஆ' என்று வாயைத் திறந்தான். ஐந்து சொட்டும் உள்ளே போயின.

மார்கழி வந்தது. தெருவில் இரண்டு குழந்தைகளை வாந்தி பேதியென்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உப்பு டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே சங்குக்குத் திக்கென்றது. எழிலோ அக்காளின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

அன்று எடுத்துவைத்ததில் மிச்சமிருந்த பாலைப் புகட்டி முடித்ததும், வினோதினி சங்கைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எச்சில் பாத்திரங்களுக்கு நடுவே கிடந்த சங்குக்கு, அந்த மறதி அவ்வளவு இனித்தது.