முதுகில் இருக்கும் தண்ணீர்

உத்தமபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருந்த சிக்கந்தர், ஐம்பத்திரண்டாம் வயதில் மலையேற்றம் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்தவர் பொன்னுத்தாய். சிக்கந்தரைவிடப் பதினாறு வயது இளையவர். முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்ததால் எல்லோருக்கும் டீச்சர். சிக்கந்தருக்கும்தான்.

முதல் நாளே ஒரு கேள்வியோடு வந்தார்.

“எந்தத் தண்ணிப் பை வாங்கலாம் டீச்சர்?”

முதுகுப்பைக்குள் வைத்து, நடந்தபடியே குழாயால் உறிஞ்சிக் குடிக்கிற பையைத்தான் கேட்டார். டீச்சர் தன்னிடம் இருந்த மூன்றை எடுத்து வைத்தார். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், மூன்று லிட்டர்.

“எதை வேணும்னாலும் எடுங்க பாய். நாளைக்கு நடந்து பார்ப்போம்.”

சிக்கந்தர் பெரியதை எடுத்தார். நீலக் குழாய் தோள்வழியே தொங்க, வீட்டுக் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஏற்றத்தில் நாலு அடிக்கு ஒருதரம் உறிஞ்சினார். குழாய் வாயருகில் இருந்தது. பை முதுகில் இருந்தது. பதினோரு மணிக்குக் குழாயில் காற்றுதான் வந்தது.

“தீர்ந்துபோச்சு டீச்சர். சொல்லவே இல்ல.”

“சொல்லிக்கிட்டேதான் வந்திருக்கும்.”

பொன்னுத்தாய் தன் முதுகுப்பையைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார்.

“கண்ணை மூடுங்க. எவ்வளவு கனம்?”

“தெரியலையே” என்றார் சிக்கந்தர். டீச்சர் பையை வாங்கித் தானும் குடித்து, அவருக்கும் வயிறு நிறையக் கொடுத்து, மறுபடி மாட்டிவிட்டார்.

“இப்ப?”

“கொஞ்சம் லேசாயிருக்கு.”

“தோள்தான் சொல்லும். நாமதான் கேக்கணும்.”

அதன்பிறகு சிக்கந்தர் அரைமணிக்கு ஒருதரம் தோளைக் கேட்டார்.

ஒருமுறை ஆசைப்பட்டு நன்னாரி சர்பத்தை ஊற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் குழாய்க்குள் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. எப்படிக் கழுவுவது என்று கேட்டார். டீச்சர் ஒரு நீளமான நூலையும் துணிக்கிழிசலையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிக்கந்தர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, நூலில் துணியைக் கட்டிக் குழாய்வழியே இழுத்து இழுத்துத் துடைத்தார். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை.

இரண்டு வருடம் போனது. எட்டுப் பேரை ஒற்றைப்பாறை உச்சிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை டீச்சர் அவரிடம் கொடுத்தார்.

“இது உங்க பரீட்சை. நான் கடைசி ஆளா வருவேன். வாய் திறக்க மாட்டேன்.”

ஓடையைத் தாண்டினால் உச்சிவரை தண்ணீர் கிடையாது. எல்லோர் பையையும் சிக்கந்தரே நிரப்பினார். அன்றைக்குக் காற்று நின்றுபோனது. புல்மேட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோரும் நினைத்ததைவிட அதிகம் குடித்தார்கள்.

உச்சிக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் நிற்கச் சொன்னார். ஒவ்வொருவர் பையாகத் தூக்கிப் பார்த்தார். ஜெனிபா என்கிற பெண்ணின் பை கனமே இல்லாமல் கையோடு வந்தது.

“எப்பம்மா கடைசியாக் குடிச்ச?”

“ஒன்றரை மணி நேரம் இருக்கும் சார். குழாயில வரல. எல்லாருக்கும் தொந்தரவாகுமேன்னு சொல்லல.”

“முதுகெல்லாம் நனைஞ்சிருக்கே?”

“வேர்வைன்னு நினைச்சேன்.”

குழாய் பையோடு சேருமிடத்தில் கசிந்து எல்லாம் போயிருந்தது. சிக்கந்தர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். தோல் காய்ந்திருந்தது. தலை வலிக்கிறது என்றாள்.

தன் பையைக் கழற்றி அவளிடம் குடிக்கக் கொடுத்துவிட்டு, மற்ற பைகளையும் தூக்கிப் பார்த்து முடித்தார். பாதிப் பேரிடம் அரை லிட்டர்கூட இல்லை.

“திரும்புறோம்” என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த கோகுல்நாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்றாவது முறையாக வருகிறவர். முந்தைய இரண்டு முறையும் மழை.

“உச்சி கண்ணுக்குத் தெரியுது சார்! என் பையில ஒன்றரை லிட்டர் இருக்கு. நான் பார்த்துப் பார்த்துக் குடிச்ச தண்ணி. நான் மட்டும் போயிட்டு வர்றேன்.”

“ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டு பக்கமும் நான் இருக்க முடியாது சார்.”

“யாரோ பை ஒழுகினதுக்கு நான் ஏன் இறங்கணும்?”

“நான் கூட்டிட்டு வந்தவங்க எல்லாருமே எனக்கு ஒண்ணுதான். இறங்குங்க. உங்க தண்ணியில இந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் வேணும்.”

கோகுல்நாத் வெகுநேரம் உச்சியையே பார்த்தபடி நின்றார். பிறகு பையைக் கழற்றிக் குழாயை ஜெனிபாவிடம் நீட்டினார்.

இறங்கும் வழியெல்லாம் சிக்கந்தர் ஜெனிபாவை நிழலுக்கு நிழல் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ஓடையை அடைந்தபோது மணி மூன்று. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு பாறையில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் பசிக்கிறது என்றாள். அதைக் கேட்டதும்தான் சிக்கந்தர் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சரிடம் போனார்.

“உச்சியை ஒருத்தரும் பார்க்கல டீச்சர்.”

“ஆமா.”

“மறுபடியும் பரீட்சை வைப்பீங்களா?”

“அடுத்த மாசம் பதினோரு பேர் வர்றாங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் வரல.”

“ஏன்?”

பொன்னுத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மேல நின்னப்ப ஒவ்வொரு பையாத் தூக்கிப் பார்த்தீங்க. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தீங்க. பின்னாடி நின்ன என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல பாய்.”